காருக்கு எத்தனை மார்க்? ஸ்டாரைப் படிக்கத் தெரிந்துகொள்வோம்

முதல் கார் வாங்கப் போகிறீர்கள். பல வருட சேமிப்பு, அதோடு ஐந்து அல்லது ஏழு வருடக் கடன். ஷோரூமுக்குள் நுழைந்ததும், "சார், இது 5 ஸ்டார் வண்டி, யோசிக்கவே வேணாம்" என்கிறார் விற்பனையாளர். அடுத்த ஷோரூமில், "ஸ்டாரை விடுங்க சார், மைலேஜைப் பாருங்க" என்கிறார்கள். வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால், ஒரு வீடியோவில் அந்த காருக்கு 10க்கு 8.5, இன்னொரு வீடியோவில் அதே காருக்கு 7. இதற்கு நடுவே மச்சான் ஒரு காரைச் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் வேறொன்றைச் சொல்கிறார்.

இதில் எந்த மார்க்கை நம்புவது?

பெரும்பாலும் யாரும் பொய் சொல்வதில்லை. ஒவ்வொரு மார்க்கும் ஒவ்வொரு கேள்விக்கான பதில். உங்கள் கேள்விக்கான பதில் அதில் இருக்கிறதா என்பதுதான் விஷயம். அதைக் கண்டுபிடிக்கும் வழியை இந்தப் பாடத்தில் பார்ப்போம். கையில் போனும் ஒரு தாளும் பேனாவும் இருந்தால் போதும்.

ஸ்டார் கொடுப்பது யார்?

இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு காரும் சட்டப்படி சில மோதல் சோதனைகளில் தேறியாக வேண்டும். முன்பக்க மோதல் சோதனை மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும். இது பாஸ் அல்லது ஃபெயில் மட்டும்தான், மார்க் கிடையாது. 35 எடுத்தவரும் 95 எடுத்தவரும் 'பாஸ்' என்று மட்டும் எழுதி வைத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

மார்க் போடும் வேலையை என்கேப் எனப்படும் புதிய கார் மதிப்பீட்டுத் திட்டங்கள் செய்கின்றன. 1970களின் இறுதியில் அமெரிக்காவில் தொடங்கிய இந்த யோசனை, 1997ல் ஐரோப்பாவுக்கு வந்தது. குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்கும் சிறிய கார்களைச் சோதித்து 2014ல் முடிவுகளை வெளியிட்டது. சோதித்த ஐந்து கார்களின் ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்களும் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்யம் ஸ்டார்தான் வாங்கின.

இப்போது நமக்கென்றே பாரத் என்கேப் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 22 அன்று அறிவிக்கப்பட்டு, அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த டிசம்பரில் வெளியான முதல் முடிவுகள் டாடா ஹாரியர், சஃபாரி கார்களுடையவை. இரண்டுமே பெரியவர்கள் பாதுகாப்பில் 32க்கு 30.08, குழந்தைகள் பாதுகாப்பில் 49க்கு 44.54 எடுத்தன.

ஒன்றை நினைவில் வையுங்கள்: இந்தத் திட்டத்தில் சேருவது கார் நிறுவனத்தின் விருப்பம், கட்டாயம் இல்லை. ஆகவே ஒரு காருக்கு ஸ்டார் இல்லை என்றால் அது பூஜ்யம் வாங்கியது என்று அர்த்தம் இல்லை. நல்ல கார் என்றும் அர்த்தம் இல்லை. பரீட்சை எழுதவில்லை, அவ்வளவுதான்.

பரீட்சை எப்படி நடக்கிறது?

முன்பக்க மோதலில் கார் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் போய், நசுங்கக்கூடிய ஒரு தடுப்பில் மோதும். முழு முகப்பும் மோதாது, அகலத்தில் 40 சதவீதம்தான் மோதும். எதிரே வரும் வண்டியோடு ஓரமாக மோதுவது போல. சட்டம் கேட்கும் வேகத்தைவிட 8 கிலோமீட்டர்தானே அதிகம் என்று தோன்றலாம். ஆனால் மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். கணக்குப் போட்டால் சுமார் 30 சதவீதம் அதிக அடி.

பக்கவாட்டு மோதலில், நகரும் தடுப்பு ஒன்று மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் கதவின் பக்கம் வந்து இடிக்கும். மூன்றாவது, கம்பத்தில் மோதும் சோதனை. கார் மணிக்கு 29 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டாகக் கம்பத்தில் மோதும். மரத்திலோ விளக்குக் கம்பத்திலோ வண்டி சறுக்கி மோதும்போது தலைக்கு என்ன ஆகும் என்று இது காட்டும்.

காருக்குள் உணர்கருவிகள் பொருத்திய பொம்மைகள் உட்கார்ந்திருக்கும். தலை, கழுத்து, மார்பு, தொடை, முழங்கால் என்று ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு அடி விழுந்தது என்று அளந்து மார்க் போடுவார்கள்.

பெரியவர்கள் பாதுகாப்புக்கு மொத்தம் 32: முன்பக்க மோதலுக்கு 16, பக்கவாட்டு மோதலுக்கு 16. குழந்தைகள் பாதுகாப்புக்கு மொத்தம் 49: மோதல் சோதனைக்கு 24, குழந்தை இருக்கையைச் சரியாகப் பொருத்த முடிகிறதா என்பதற்கு 12, காரில் அதற்கான வசதிகளுக்கு 13. பெரியவர்களுக்கு 5 ஸ்டார் வாங்க குறைந்தது 27 மார்க் வேண்டும். குழந்தைகளுக்கு 5 ஸ்டார் என்றால் 41. மார்க் மட்டும் போதாது. மூன்று ஸ்டாரும் அதற்கு மேலும் வாங்க, வண்டி நிலைதடுமாறாமல் காக்கும் ஈஎஸ்சி, முன் இருக்கைகளுக்கு சீட் பெல்ட் எச்சரிக்கை போன்றவையும் இருக்க வேண்டும்.

ஸ்டாரைப் பார்த்ததும் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. யாருக்கான ஸ்டார்? விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் பெரியவர்களுக்கான ஸ்டார். குழந்தைகளுக்கான ஸ்டார் தனி. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. 2020ல் டாடா அல்ட்ராஸ் அப்போதைய குளோபல் என்கேப் முறையில் பெரியவர்களுக்கு 5 ஸ்டார் வாங்கியது, குழந்தைகளுக்கு 3 ஸ்டார்தான். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இரண்டாவது ஸ்டாரை.

இன்னொன்றும் இருக்கிறது. முன்பக்க மோதலில் பெரியவர் அளவுப் பொம்மைகள் உட்காருவது முன் இருக்கைகளில். பின்னால் இருப்பவை ஒன்றரை வயது, மூன்று வயதுக் குழந்தைப் பொம்மைகள், அவையும் குழந்தை இருக்கையில் கட்டப்பட்டவை. அப்படியானால் பின் சீட்டில் உட்காரும் உங்கள் அம்மாவுக்கு இந்த மோதலில் என்ன ஆகும் என்பதை அந்த 5 ஸ்டார் நேராகச் சொல்லவில்லை. பின் சீட்டின் மூன்று இடத்திலும் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா, தலைக்கு ஹெட்ரெஸ்ட் இருக்கிறதா என்று நீங்களே உட்கார்ந்து பாருங்கள்.

2. எந்த வேரியன்ட்டுக்கு? 2014 சோதனையில் ஃபோக்ஸ்வேகன் போலோவுக்கு நடந்ததைக் கேளுங்கள். ஏர்பேக் இல்லாத போலோ பூஜ்யம் ஸ்டார். முன்பக்கம் இரண்டு ஏர்பேக் உள்ள போலோ 4 ஸ்டார். ஒரே பெயர், ஒரே உருவம்! அதன் பிறகு ஏர்பேக் இல்லாத போலோ விற்பனையை அந்த நிறுவனமே நிறுத்தியது. பாரத் என்கேப் அறிக்கையில் மதிப்பீடு எந்தெந்த வேரியன்ட்டுக்குப் பொருந்தும் என்று எழுதியிருக்கும். நீங்கள் வாங்கும் வேரியன்ட் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

3. எந்த வருடத்துப் பரீட்சை? குளோபல் என்கேப் 2022 நடுப்பகுதி வரை பெரியவர்களுக்கு 17 மார்க்குக்குச் சோதித்தது. பிறகு முறையைக் கடினமாக்கி 34 ஆக்கியது. பாரத் என்கேப்பில் மொத்தம் 32. ஆகவே ஒன்று 30.5, இன்னொன்று 29.5 என்றால் முதலாவதுதான் மேல் என்று முடிவு கட்டாதீர்கள். 34க்கு 30.5 என்றால் சுமார் 90 சதவீதம், 32க்கு 29.5 என்றால் சுமார் 92 சதவீதம். அதுவும் வேறு வேறு வினாத்தாள். பழைய 5 ஸ்டாரும் புதிய 5 ஸ்டாரும் ஒன்றல்ல. ஒரே அமைப்பு, ஒரே முறையில் சோதித்த கார்களை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

4. ஸ்டாருக்குப் பின்னால் மார்க் எவ்வளவு? 27.1 எடுத்த காரும் 31.4 எடுத்த காரும் 5 ஸ்டார்தான். 26.9 எடுத்தது 4 ஸ்டார். ஸ்டாரை மட்டும் பார்த்தால் முதல் இரண்டும் சமம், மூன்றாவது மட்டம் என்று தோன்றும். மார்க்கைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அறிக்கையில் பொம்மையின் படமும் இருக்கும். பச்சை நல்லது, மஞ்சள் போதுமானது, ஆரஞ்சு சுமார், பழுப்பு பலவீனம், சிவப்பு மோசம். தலையும் மார்பும் என்ன நிறம் என்று பாருங்கள்.

5. என்ன எடையுள்ள கார்? முன்பக்கச் சோதனையில் கார் மோதுவது நிலையான தடுப்பில். அதனால் அந்த மார்க், ஏறத்தாழ தன் எடையுள்ள இன்னொரு காரோடு மோதினால் என்ன ஆகும் என்பதற்குச் சமம். சின்ன ஹேட்ச்பேக் வாங்கிய 5 ஸ்டாரும் பெரிய எஸ்யூவி வாங்கிய 5 ஸ்டாரும் நேருக்கு நேர் மோதினால் சமம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹேட்ச்பேக்கை ஹேட்ச்பேக்கோடும், எஸ்யூவியை எஸ்யூவியோடும் ஒப்பிடுங்கள்.

"தகடு கனமா இருக்கு" என்பது பரீட்சை அல்ல

கதவைச் சாத்திப் பார்த்து, 'டப்'பென்று கனமான சத்தம் வந்தால் பலமான வண்டி என்று நம்மில் பலர் சொல்வோம். பானெட்டை அழுத்திப் பார்ப்பவர்களும் உண்டு. காரின் முன்பகுதி மோதலில் நசுங்க வேண்டும் என்றுதான் வடிவமைக்கிறார்கள். நசுங்கும்போது அடியின் ஆற்றலை அது வாங்கிக்கொள்ளும். நசுங்கக் கூடாதது ஆட்கள் உட்காரும் கூடு. வெளித்தகட்டின் கனம் இதை எதுவும் சொல்லாது.

மைலேஜ் மார்க்: ஒப்பிட உதவும், பட்ஜெட்டுக்கு உதவாது

விளம்பரத்தில் வரும் மைலேஜ் ஆய்வகத்தில் எடுத்தது. காரை உருளைகள் மேல் நிறுத்தி, குறிப்பிட்ட நேரம், குறிப்பிட்ட வேகம் என்று வகுத்த முறைப்படி ஓட்டுவார்கள். அதிகபட்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். அங்கே கிண்டி சிக்னல் இல்லை, ஏற்காடு கொண்டை ஊசி வளைவும் இல்லை. ஆகவே அந்த எண் உங்களுக்கு அப்படியே கிடைக்காது. ஆனால் எல்லா கார்களுக்கும் ஒரே பரீட்சை என்பதால் ஒன்றோடொன்று ஒப்பிட அது உதவும்.

வித்தியாசத்தைப் பணமாக மாற்றிப் பாருங்கள். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். ஒரு கார் லிட்டருக்கு 18, இன்னொன்று 22 தருகிறது. வருடத்துக்கு முதலாவதுக்கு சுமார் 667 லிட்டர், இரண்டாவதுக்கு சுமார் 545 லிட்டர். வித்தியாசம் 122 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மாதம் ஏறத்தாழ 1,000 ரூபாய். நீங்கள் மாதம் 300 கிலோமீட்டர்தான் ஓட்டுவீர்கள் என்றால் அது 300 ரூபாய். மாதம் 300 ரூபாய்க்காக ஸ்டாரை விட்டுக்கொடுக்கலாமா என்று இப்போது உங்களால் யோசிக்க முடியும்.

மொத்த மார்க் எப்படி மாறுகிறது? நீங்களே போட்டுப் பாருங்கள்

பத்திரிகைகளும் வீடியோக்களும் பல அம்சங்களுக்குத் தனித்தனி மார்க் போட்டு, கூட்டி, "வெற்றி பெற்றது இது" என்று சொல்வார்கள். எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதை முடிவு செய்தது அவர்கள், நீங்கள் அல்ல. கற்பனையான இரண்டு கார்களை வைத்துப் பார்ப்போம். ஒவ்வொன்றும் 10க்கு:

- பாதுகாப்பு: கார் அ 5, கார் ஆ 9
- மைலேஜ்: அ 9, ஆ 7
- இடவசதி: அ 6, ஆ 8
- தொடுதிரை, சன்ரூஃப் போன்ற வசதிகள்: அ 9, ஆ 5
- சர்வீஸ்: அ 8, ஆ 7

அப்படியே கூட்டினால் அ 37, ஆ 36. கார் அ ஜெயிக்கிறது.

இப்போது சின்னக் குழந்தைகள் உள்ள ஒரு குடும்பம் தன் தேவைக்கு ஏற்ப 100ஐப் பிரிக்கிறது: பாதுகாப்புக்கு 40, இடவசதிக்கு 20, சர்வீஸுக்கு 20, மைலேஜுக்கு 15, வசதிகளுக்கு 5. ஒவ்வொரு மார்க்கையும் அந்த எண்ணால் பெருக்கி 10ஆல் வகுத்துக் கூட்டினால், அ 66, ஆ 79. கார் ஆ எங்கோ போய்விட்டது.

தினமும் தனியாக நெடுந்தூரம் ஓட்டும் ஒருவர் மைலேஜுக்கு 40, பாதுகாப்புக்கு 20, சர்வீஸுக்கு 20, இடத்துக்கு 10, வசதிகளுக்கு 10 என்று பிரிக்கிறார். அவருக்கு அ 77, ஆ 73. மறுபடியும் அ முன்னால்.

கார்கள் மாறவில்லை, மார்க்கும் மாறவில்லை. கேட்பவர் மாறினார், விடை மாறியது. அதனால் முதலில் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து 100ஐப் பிரியுங்கள். பிறகு ஷோரூமுக்குப் போங்கள். கார் பிடித்துப்போன பிறகு பிரித்தால், பிடித்த காருக்கு ஏற்ற மாதிரிதான் பிரிப்போம்!

இதில் ஒரு விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பில் மொத்தம் எவ்வளவு எடுத்தாலும் ஒவ்வொரு பாடத்திலும் 35 எடுக்க வேண்டும் இல்லையா? அதேபோல் பாதுகாப்புக்கு ஒரு பாஸ் மார்க் வையுங்கள். அதற்குக் கீழே இருக்கும் காரை, மற்றதில் எவ்வளவு எடுத்தாலும் பட்டியலில் சேர்க்காதீர்கள். நெடுந்தூரம் ஓட்டும் அந்த நண்பருக்கும் இது பொருந்தும். சாலையில் அதிக நேரம் இருப்பவர் அவர்தானே? பாதுகாப்பில் 5 எடுத்த கார் அ, அவர் 6ஐ பாஸ் மார்க்காக வைத்திருந்தால் ஆரம்பத்திலேயே விழுந்திருக்கும்.

கையில் உள்ள போனில் செய்ய வேண்டியவை

- பிஎன்கேப் டாட் இன் என்ற பாரத் என்கேப் இணையதளத்தில் காரின் பெயரைத் தேடி முழு அறிக்கையைப் படியுங்கள்.
- சோதிக்கப்பட்ட கார்களில் ஒட்ட பாரத் என்கேப் ஸ்டிக்கர் 2024ல் அறிமுகமானது. மாடல் பெயர், சோதனை தேதி, பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனி ஸ்டார், ஒரு க்யூஆர் கோடு எல்லாம் அதில் இருக்கும். ஷோரூமிலேயே ஸ்கேன் செய்து பாருங்கள். ஸ்டிக்கர் இல்லையா? "ஏன் இல்லை?" என்று தயங்காமல் கேளுங்கள்.
- பழைய கார் வாங்குகிறீர்களா? எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, பதிவான தேதி, இன்சூரன்ஸ் காலம் ஆகியவற்றைப் பாருங்கள். இ-சலான் தளத்தில் அபராதம் பாக்கி உள்ளதா என்றும் பாருங்கள். ஓட்டுநருக்கான ஏர்பேக் 2019 ஜூலை முதலும், முன்பக்கம் இரண்டு ஏர்பேக் 2022 ஜனவரி முதலும்தான் எல்லா புதிய கார்களுக்கும் கட்டாயம் ஆனது. அதற்கு முன் தயாரான கார், இன்று 5 ஸ்டார் வாங்கிய காரின் பெயரையே வைத்திருந்தாலும் வேறு கார்தான். "200 இடத்தில் சோதித்தோம்" என்று விற்பவர் கொடுக்கும் மார்க் வண்டியின் தேய்மானத்தைச் சொல்லும், மோதலில் காப்பதைச் சொல்லாது.

வாங்கிய பிறகு மார்க்கைக் கெடுக்காதீர்கள்

ஸ்டார் கொடுக்கும்போது காருக்குள் இருந்த பொம்மைகள் எல்லாம் பெல்ட் போட்டிருந்தன. பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் அந்த 5 ஸ்டார் உங்களுக்கு இல்லை. ஏர்பேக் பெல்ட்டோடு சேர்ந்து வேலை செய்வதற்கென்று அமைத்தது. பெல்ட் இல்லாமல் முன்னால் பாயும் உடம்பை அது சரியாகத் தாங்காது.

பின் சீட்டில் உள்ளவர்களும் பெல்ட் போட வேண்டும், சட்டமும் அதையே சொல்கிறது. மீறினால் அபராதம் 1,000 ரூபாய். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பெல்ட்டிலோ குழந்தை இருக்கையிலோ இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு சொல்கிறது. "மடியில வச்சுக்கிறேன், கெட்டியா பிடிச்சுக்கிறேன்" என்பது பாசம். மோதலில் எந்தக் கையாலும் பிடிக்க முடியாது. கார் வாங்கும் பட்ஜெட்டில் குழந்தை இருக்கைக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். பின்னோக்கிப் பார்க்கும் குழந்தை இருக்கையை, ஏர்பேக் இயங்கும் முன் சீட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

பெல்ட் சத்தத்தை நிறுத்த ஒரு கிளிப் விற்பார்கள். அதை இணைய விற்பனைத் தளங்களிலிருந்து நீக்கச் சொல்லி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023ல் உத்தரவிட்டது. முன்னால் மாட்டும் இரும்பு பம்பர் கார்டு, கார் நசுங்கும் விதத்தையும் ஏர்பேக் விரியும் நேரத்தையும் கெடுக்கும். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள காரில் இறுக்கமான சீட் கவர் போட்டால் அது விரிய வழி இருக்காது. ஆயிரக்கணக்கில் கொடுத்து நாமே மார்க்கைக் குறைத்துக்கொள்வதா?

இன்றே செய்ய ஒரு பயிற்சி

உங்கள் மனதில் உள்ள இரண்டு கார்களின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே பெரியவர்கள் மார்க், குழந்தைகள் மார்க், சோதித்த அமைப்பு, ஆண்டு, வேரியன்ட் ஆகிய ஐந்தையும் நிரப்புங்கள். நிரப்ப முடியாத கட்டம் இருந்தால், ஷோரூமில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். பிறகு உங்கள் வீட்டுக்கு ஏற்ப 100ஐப் பிரித்துக் கணக்குப் போடுங்கள். அந்தக் காரில் உட்காரப் போவது உங்கள் வீட்டு ஆட்கள், அதனால் மார்க் போட வேண்டியவரும் நீங்கள்தான்.